எங்கிருந்து தொடர்வது என்பதை முதலில் எழுதுங்கள்

அப்பாச்சி ஃபிளிங்கில் சொந்தமாக ஸோர்ஸ் எழுதும் நண்பர்களுக்கு,



உங்கள் நிறுவனத்துக்கே உரிய ஏதோ ஓர் அமைப்பிலிருந்து தரவை எடுத்து ஃபிளிங்குக்குள் விடும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. பழைய பில்லிங் சர்வராக இருக்கலாம், கூட்டாளி நிறுவனம் ஒன்றின் ஏபிஐயாக இருக்கலாம், மீட்டர்கள் அனுப்பும் எம்க்யூடிடி செய்திகளாக இருக்கலாம். ரெடிமேட் கனெக்டர் எதுவும் பொருந்தவில்லை. ஒரு ஸ்பிரிண்டுக்குள் நீங்களே எழுதிவிடுகிறீர்கள். லேப்டாப்பில் ஓடுகிறது, டெமோவில் வரைபடம் அசைகிறது, அணி கைதட்டுகிறது. பிறகு நீங்கள் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள். நீங்கள் விட்டுப்போன ஸோர்ஸைப் பராமரிப்பவர்களில் ஒருத்தி என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

தரவை எப்படிப் படிப்பது என்று எழுதுமுன், நடுவழியில் விழுந்தால் எங்கிருந்து தொடர்வது என்பதை எழுதுங்கள். என் கைக்கு வந்து சேரும் சொந்த ஸோர்ஸ்களில் பெரும்பாலானவற்றில் படிக்கும் பகுதி நேர்த்தியாக இருக்கிறது. கனெக்‌ஷன் பூல் இருக்கிறது, ரீட்ரை இருக்கிறது, அழகான பில்டர் வகுப்பு இருக்கிறது. தொடரும் பகுதி மட்டும் பெயருக்கு இருக்கிறது. அந்த இடத்தில்தான் தரவு தொலைகிறது. தொலைந்த தரவுக்காக அர்த்தராத்திரியில் யாரும் எழுப்பப்படுவதில்லை, ஏனென்றால் அது எந்த அலாரத்தையும் அடிப்பதில்லை. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இணைய வணிக நிறுவனத்தில் ஆர்டர்கள் போஸ்ட்கிரெஸ் அட்டவணை ஒன்றில் சேர்ந்துகொண்டிருந்தன. ஸோர்ஸ் எழுதியவர், சில விநாடிகளுக்கு ஒருமுறை அந்த அட்டவணையைக் கேட்டு, தான் கடைசியாகக் கண்ட நேரத்தைவிடப் பிந்திய ‘மாற்றப்பட்ட நேரம்’ கொண்ட வரிகளை எடுத்தார். கண்டவற்றில் மிகப் பிந்திய நேரத்தைச் செக்பாயின்டில் வைத்தார். நிரலைப் படித்தால் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் அந்த நேரத்தை நிரப்பியது டேட்டாபேஸின் ‘நவ்’ ஃபங்ஷன். போஸ்ட்கிரெஸ்ஸில் ‘நவ்’ தருவது டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரத்தை. காலை 10:00:00க்குத் தொடங்கிய டிரான்ஸாக்‌ஷன் 10:00:20க்குக் கமிட் ஆனால், அதன் வரிகள் 10:00:00 என்ற முத்திரையோடுதான் வெளியே தெரியவரும். அதற்குள் ஸோர்ஸ் 10:00:15ஐக் கடந்திருக்கும். பின்னால் வந்து முளைத்த அந்த வரிகளை அது திரும்பிப் பார்க்கவே போவதில்லை. ஒரே பொருள் வாங்கியவரின் ஆர்டர் உடனே கமிட் ஆகும். பெரிய ஆர்டர்களுக்குத்தான் டிரான்ஸாக்‌ஷன் நீளும். ஆகவே தொலைந்தவற்றில் பெரிய தொகைகளே அதிகம்.

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு தன் கூட்டுத்தொகையை டாஷ்போர்டோடு ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. லாகில் ஓர் எர்ரர்கூட இல்லை. செக்பாயின்ட்கள் எல்லாம் பச்சை. அதனால் முதலில் சந்தேகம் விழுந்தது கணக்கர்கள் மீது. தாங்கள் கூட்டியது சரிதான் என்று நிரூபிக்க அவர்கள் பழைய பில்களைக் கட்டுக் கட்டாக எடுத்துவைத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. தவறு செய்யாதவர்கள் தங்கள் நேர்மைக்குச் சாட்சி தேடி அலைந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உங்கள் ஸோர்ஸின் ஒரு வரி யார் தலையில் போய் விடிகிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

நேரத்துக்குப் பதிலாக வரிசை எண்ணை வைத்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸீக்வென்ஸ் எண்ணும் கமிட்டுக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிடுகிறது; 101 வெளியே தெரிந்த பிறகு 100 வந்து நிற்கலாம். அழிக்கப்பட்ட வரிகளோ எந்த வகையிலும் கண்ணில் படா. டேட்டாபேஸ் மாற்றங்கள் எந்த ஒழுங்கில் கமிட் ஆயின என்பதை முழுமையாக வைத்திருப்பது அதன் ரைட்-அஹெட் லாக்தான். டெபீசியமும் ஃபிளிங்க் சிடிசியும் அந்த லாகைப் படிப்பதற்குக் காரணமும் அதுவே.

ஆகவே எழுதத் தொடங்குமுன் ஒரு கேள்வி: இந்த ஸோர்ஸை நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டுமா? காஃப்கா, பல்சர், கினேசிஸ், ஃபைல்கள், முக்கிய டேட்டாபேஸ்களின் மாற்ற லாக் ஆகியவற்றுக்கெல்லாம் பல ஆண்டுகள் அடிபட்டுத் தேறிய ஸோர்ஸ்கள் இருக்கின்றன. உங்கள் தரவு வெப்சாக்கெட் வழியாகவோ யூடிபி வழியாகவோ வருகிறதென்றால் இன்னும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போன செய்தியைத் திருப்பிக் கேட்க முடியாத இடத்திலிருந்து, எவ்வளவு திறமையாக ஸோர்ஸ் எழுதினாலும், விழுந்து எழுந்த இடைவெளியை நிரப்ப முடியாது. அங்கே செய்யக்கூடியது, செய்தியை வாங்கி உடனே காஃப்காவில் எழுதும் ஒரு சிறிய நிரலை மட்டும் எழுதிவிட்டு, ஃபிளிங்கைக் காஃப்காவிலிருந்து படிக்கவிடுவது. அந்தச் சிறிய நிரலும் விழும், அப்போதும் கொஞ்சம் தொலையும். ஆனால் தொலையக்கூடிய இடம் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஃபிளிங்க் ஜாபை நிறுத்தி, மாற்றி, மறுபடி ஓட்டும் ஒவ்வொரு முறையும் தரவு கசிவதில்லை. ‘நானே எழுதினேன்’ என்பதில் உள்ள பெருமை எனக்கும் புரியும். ஆனால் அந்தப் பெருமையின் பராமரிப்புச் செலவை வேறொருவர் கட்டுகிறார்.

சரி, எழுதித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அப்படியானால் ஃபிளிங்க் உங்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை அதன் அடியிலிருந்து யோசியுங்கள்.

பரவலாக ஓடும் ஓர் அமைப்பை நிறுத்தாமல், அதன் ஒட்டுமொத்த நிலையை முரணில்லாமல் பதிவுசெய்ய முடியும் என்று கே. மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார்கள். ஃபிளிங்கின் செக்பாயின்ட் அந்த யோசனையின் வாரிசு. பேரியர் என்ற குறி ஸோர்ஸில் புறப்பட்டு, தரவோடு தரவாகக் கீழே ஓடி, தான் கடக்கும் ஒவ்வொரு ஆபரேட்டரையும் தன் நிலையைப் பதியச் சொல்கிறது. கீழே இருக்கும் எல்லோருக்கும் ‘இதற்கு முன், இதற்குப் பின்’ என்ற எல்லையைக் குறி சொல்லிவிடுகிறது. ஸோர்ஸுக்குச் சொல்ல மட்டும் மேலே யாரும் இல்லை. இந்தக் குறிக்கு முன்னால் நான் வெளியே விட்டது இதுவரை, திரும்பி வந்தால் அடுத்து விட வேண்டியது இதிலிருந்து என்று அது வெளியுலகத்தை நோக்கி வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு பிசகினால், கீழே ‘எக்ஸாக்ட்லி ஒன்ஸ்’ என்று எத்தனை இடத்தில் எழுதியிருந்தாலும் அது வெறும் எழுத்து. விண்டோ, ஜாயின், டிரான்ஸாக்‌ஷன் வைத்த ஸிங்க் எல்லாமே உங்கள் ஆஃப்செட்டை நம்பித்தான் நிற்கின்றன.

‘ஸோர்ஸ்ஃபங்ஷன்’ என்ற பழைய இடைமுகம் எளிமையாக இருந்ததே, அதை ஏன் மாற்றினார்கள் என்று உங்களில் பலர் இன்னும் வருந்துகிறீர்கள். ‘ரன்’ என்ற மெத்தடில் ஒரு முடிவில்லா லூப், ‘கேன்சல்’ என்ற மெத்தடில் ஒரு கொடி, அவ்வளவுதான் என்கிறீர்கள். அவ்வளவுதானா? செக்பாயின்ட் பூட்டைப் பிடித்துக்கொண்டு, ரெக்கார்டை வெளியிடுவதையும் ஆஃப்செட்டை நகர்த்துவதையும் அந்தப் பூட்டுக்குள்ளேயே சேர்த்துச் செய்ய வேண்டும் என்ற விதி அதில் உங்கள் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. அந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாத லூப்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியிட்டதற்கும் நகர்த்தியதற்கும் நடுவே செக்பாயின்ட் நுழைந்துவிட்டால், ரெக்கார்ட் இரண்டு முறை வரும் அல்லது வராமலே போகும். புதிய பார்ட்டிஷன்களைக் கண்டுபிடிக்கும் வேலையும் படிக்கும் வேலையும் ஒரே லூப்பில் பின்னிக் கிடந்தன. ஒவ்வொரு பார்ட்டிஷனின் காலத்தையும் தனியே கணிக்க ஃபிளிங்கிடம் பொதுவான வழி இல்லை. எளிமை வெளித்தோற்றத்தில்தான் இருந்தது.

ஃபிளிப்-27 என்ற முன்மொழிவிலிருந்து வந்த புதிய ஸோர்ஸ் இடைமுகம் 2020இல் 1.11 பதிப்போடு வெளியானது. 2025 மார்ச்சில் வந்த 2.0 பதிப்பு பழைய ஸோர்ஸ்ஃபங்ஷனைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டது. இனி அது ‘லெகஸி’ என்று பெயரிட்ட பேக்கேஜுக்குள் ஃபிளிங்கின் உள்வேலைக்கு மட்டும். பேக்கேஜ் பெயரை மாற்றி இம்போர்ட் செய்து கம்பைல் ஆக்கிவிட்டு ‘மைக்ரேஷன் முடிந்தது’ என்று டிக்கெட்டை மூடுபவர்களே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது அடுத்தவரின் நாளைத் திருடுவது.

புதிய இடைமுகத்தில் வேலை பிரிந்திருக்கிறது. படிக்க வேண்டிய ஒரு துண்டு, ஸ்ப்ளிட். காஃப்காவில் ஒரு பார்ட்டிஷன், ஃபைல் ஸோர்ஸில் ஒரு ஃபைல் அல்லது அதன் ஒரு பகுதி. என்ன துண்டுகள் இருக்கின்றன, யாருக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிப்பது என்யூமரேட்டர். அது ஜாப்மேனேஜரில் ஒன்றே ஒன்றாக ஓடும். டாஸ்க்மேனேஜர்களில் பலவாக ஓடி, தனக்குக் கிடைத்த துண்டுகளைப் படிப்பது ரீடர். செக்பாயின்டில் என்யூமரேட்டர் தன் கணக்கையும் ரீடர்கள் தங்கள் துண்டுகளையும் அவற்றின் ஆஃப்செட்டுகளையும் பதிவார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பிழைகள் இதற்கு அடுத்த இரண்டு இடங்களில் குடியிருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

முதல் இடம், என்யூமரேட்டரில் உள்ள ‘ஆட்ஸ்ப்ளிட்ஸ்பேக்’ என்ற மெத்தட். உங்கள் ஐடிஇ அதை வெற்று உடலோடு உருவாக்கித் தரும். கம்பைலர் முணுமுணுக்காது. டெமோ ஓடும். யாரும் அதை நிரப்புவதில்லை. இப்போது நினைத்துப் பாருங்கள்: கடைசிச் செக்பாயின்ட் முடிந்த பிறகு என்யூமரேட்டர் ஒரு ஸ்ப்ளிட்டை மூன்றாம் ரீடருக்குக் கொடுக்கிறது. அடுத்த செக்பாயின்ட்டுக்கு முன்பே அந்த ரீடர் இருந்த டாஸ்க்மேனேஜர் செத்துப்போகிறது. ரீடர் பழைய செக்பாயின்டிலிருந்து எழுகிறது. அதன் நினைவில் அந்த ஸ்ப்ளிட் இல்லை, ஏனென்றால் அது பின்னால் வந்தது. என்யூமரேட்டரோ ஜாப்மேனேஜரில் உயிரோடு இருக்கிறது. அதன் கணக்கில் அந்த ஸ்ப்ளிட் ‘கொடுத்தாயிற்று’. இருவர் கையிலும் இல்லாத அந்தத் துண்டை ஃபிளிங்க் கவனித்து வைத்திருந்து, இந்த மெத்தட் வழியாகத்தான் என்யூமரேட்டரிடம் திருப்பித் தருகிறது. நீங்கள் அதை வெறுமையாக விட்டிருந்தால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. அந்த ஃபைலோ அந்த பார்ட்டிஷனோ அதற்குப் பிறகு படிக்கப்படவே மாட்டாது. இதில் கொடுமை என்னவென்றால், ஜாப்மேனேஜரைக் கொன்று சோதித்தால் இந்தப் பிழை தெரியாது. அப்போது என்யூமரேட்டரும் செக்பாயின்டிலிருந்தே எழுவதால் கணக்கு சரியாகிவிடும். டாஸ்க்மேனேஜரை மட்டும், அதுவும் ஸ்ப்ளிட் கைமாறிய சற்று நேரத்துக்குள், கொன்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இரண்டாம் இடம், ஆஃப்செட்டை எப்போது நகர்த்துகிறீர்கள் என்பது. ‘ஸோர்ஸ்ரீடர்பேஸ்’ வகுப்பை எடுத்து எழுதுபவர்களுக்குத் தெரியும்: வெளியே போய்த் தரவை எடுத்துவருவது ஒரு தனி த்ரெட், எடுத்துவந்ததை நடுவில் ஒரு க்யூவில் வைக்கும், டாஸ்க்கின் முதன்மை த்ரெட் அந்தக் க்யூவிலிருந்து எடுத்து வெளியிடும். எடுத்துவரும் த்ரெட்டிலேயே ஆஃப்செட்டை நகர்த்திவிட்டால், க்யூவில் காத்திருக்கும் ரெக்கார்டுகள் செக்பாயின்ட் கணக்கில் ‘முடிந்தவை’ ஆகிவிடும். அந்த நேரத்தில் விழுந்தால், க்யூ நினைவகத்தோடு போகும். திரும்பி எழும் ரீடர் அவற்றைத் தாண்டியே தொடங்கும். ஆஃப்செட் நகர வேண்டியது ரெக்கார்ட் எமிட்டரில், ரெக்கார்டை வெளியிட்ட அதே அடியில். ஃபிளிங்க் ஸ்ப்ளிட்டையும் ஸ்ப்ளிட்டின் மாறும் நிலையையும் இரண்டு தனி வகைகளாகப் பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தக் க்யூவின் கொள்ளளவு இயல்பாக இரண்டு தொகுதிகள் மட்டுமே. வேகம் வேண்டும் என்று அதை ஆயிரங்களுக்கு ஏற்றி வைத்திருப்பவர்கள், ஆஃப்செட் பிழையும் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு விழுகையிலும் எவ்வளவு இழக்கிறார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்து, செய்திக் க்யூக்களிலிருந்து படிப்பவர்களுக்கு. செய்தி கையில் வந்ததும் ‘அக்’ அனுப்பிவிடுவது, பணத்தை எண்ணி வாங்குமுன் ரசீதைக் கிழித்துக் கொடுப்பதற்குச் சமம். செய்தியின் விளைவு ஒரு செக்பாயின்டில் பதிந்து, அந்தச் செக்பாயின்ட் முழுமையாக முடிந்தது என்ற அறிவிப்பு வந்த பிறகே அக் போக வேண்டும். ஃபிளிங்கின் ராபிட்எம்க்யூ ஸோர்ஸ் அப்படித்தான் செய்கிறது. டெலிவரி அடையாளங்களைச் செக்பாயின்ட் எண்ணோடு சேர்த்து வைத்திருந்து, அறிவிப்பு வந்ததும் அனுப்புகிறது. அந்த அறிவிப்பு ஒவ்வொரு முறையும் கட்டாயம் வந்துசேரும் என்று ஃபிளிங்க் உறுதி தருவதில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். 41ஆம் செக்பாயின்ட்டின் அறிவிப்பு வராமல் 42இன் அறிவிப்பு மட்டும் வரலாம். ஆகவே 42 வந்தால் அதுவரை தேங்கிய எல்லாவற்றையும் அனுப்பும்படி எழுத வேண்டும்.

அக்கைத் தாமதப்படுத்துவதற்கும் விலை உண்டு. அதையும் நீங்கள்தான் கணிக்க வேண்டும். அமேசான் எஸ்க்யூஎஸ்ஸில் எடுத்த செய்தி மற்றவர் கண்ணுக்கு மறைந்திருக்கும் காலம் இயல்பாக 30 விநாடி. உங்கள் செக்பாயின்ட் இடைவெளி ஒரு நிமிடம் என்றால், அக் போவதற்குள் அதே செய்தி மறுபடி வெளியே வந்துவிடும். ராபிட்எம்க்யூவில் ப்ரீஃபெட்ச் அளவைக் குறைத்து வைத்திருந்தால், அக் ஆகாத செய்திகள் அந்த அளவைத் தொட்டதும் அடுத்த செக்பாயின்ட் வரை வரத்து நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ்ஸின் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை வைத்துப் படிப்பவர்கள் படித்த இடத்தை உறுதிசெய்யாமலே இருந்தால், பழைய லாகை அழிக்க முடியாமல் டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் நிரம்பும். அங்கே அடிபடுவது உங்கள் ஜாப் மட்டும் இல்லை, அந்த டேட்டாபேஸை நம்பிய கடை முழுவதும்.

த்ரெட் விஷயத்தை நீட்டவில்லை. ‘போல்நெக்ஸ்ட்’ ஒருபோதும் காத்து நிற்கக்கூடாது, ஏனென்றால் செக்பாயின்டைத் தொடங்குவதும் அதே த்ரெட்தான். உள்ளே ஓர் எச்டிடிபி அழைப்பை வைத்தால் எதிர்முனை மந்தமாகும் நாளில் செக்பாயின்டும் மந்தமாகும். தரவு இல்லாத நேரத்திலும் ‘இருக்கிறது’ என்று எப்போதும் பதில் சொல்லும் ஃபியூச்சரைத் தந்தால் சிபியு சும்மாவே சுழன்று எரியும். என்யூமரேட்டரில் வெளியே கேட்க வேண்டியதை ‘கால்அசிங்க்’ வழியாகக் கேளுங்கள். இவை மூன்றும் ஆவணத்திலேயே தெளிவாக இருக்கின்றன, படித்தால் போதும்.

வாட்டர்மார்க்கைப் பற்றி மட்டும் ஒன்று. ஸோர்ஸ்ரீடர்பேஸ் இல்லாமல் ரீடரை நேரடியாக எழுதுபவர்கள், எல்லா ஸ்ப்ளிட்டின் ரெக்கார்டுகளையும் ஒரே வெளியீட்டில் கொட்டுகிறார்கள். ஜாப் சில மணி நேரம் நின்று மறுபடி எழுந்து, தேங்கிய தரவை விரட்டிப் பிடிக்கும்போது விளைவு தெரியும். ஒரு ஸ்ப்ளிட் வேகமாக நிகழ்காலத்தைத் தொடும், இன்னொன்று காலை ஏழு மணியில் நிற்கும். ஒரே வெளியீடு என்பதால் வேகமான ஸ்ப்ளிட் வாட்டர்மார்க்கை இழுத்துச் சென்றுவிடும். மந்தமான ஸ்ப்ளிட்டின் ரெக்கார்டுகள் எல்லாம் ‘தாமதம்’ என்று விண்டோவிலிருந்து தள்ளப்படும். ரெக்கார்டுகள் ஸோர்ஸைக் கடந்துவிட்டன, ஆனால் கணக்கில் சேரவில்லை. ஸ்ப்ளிட்டுக்கு ஒரு வெளியீட்டை உருவாக்கினால் எல்லா ஸ்ப்ளிட்டிலும் பின்தங்கிய நேரமே வாட்டர்மார்க் ஆகும்.

நீங்கள் போன பிறகு எங்களை அதிகம் அலைக்கழிக்கும் இன்னொன்று, ஸீரியலைசர். ஸ்ப்ளிட்டையும் என்யூமரேட்டரின் கணக்கையும் பைட்டுகளாக்கும் ஸீரியலைசரில் பதிப்பு எண் கேட்கப்படுகிறது. எல்லோரும் 1 என்று எழுதிவிட்டு, படிக்கும்போது அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆறு மாதம் கழித்து ஸ்ப்ளிட்டில் ஒரு புலம் சேர்க்க வேண்டி வரும். புதிய நிரல் பழைய சேவ்பாயின்டைத் தப்பாகப் படிக்கும், அல்லது படிக்க முடியாமல் விழும். சேவ்பாயின்ட் இல்லாமல் தொடங்கினால் சேர்த்துவைத்த நிலை முழுதும் போகும். பதிப்பு எண்ணைப் பார்த்துக் கிளை பிரியும் நான்கு வரியை முதல் நாளே எழுதிவைத்தால், முன்பின் பார்த்திராத ஒருவரின் வாரம் முழுவதையும் காப்பாற்றுகிறீர்கள்.

உங்களில் சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். ‘இவ்வளவுக்கும் நேரம் யார் தருவார்கள்? மேனேஜர் கேட்பது டெமோ.’ உண்மைதான். அந்த அழுத்தத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தரவு கட்டாயம் ஒழுங்காக வந்து சேர வேண்டிய இடத்தில் ‘சில நேரம் தொலையும்’ என்று தெரிந்தே எவரும் ஒப்புதல் தருவதில்லை. மேனேஜர் ஒப்புதல் தருவது, தொலையாது என்று நினைத்துக்கொண்டு. அந்த நினைப்பைத் திருத்தக்கூடியவர் அறையில் நீங்கள் ஒருவர்தான். ‘இந்த ஸோர்ஸ் இன்று இருக்கும் நிலையில் விழுந்தால் சில செய்திகள் போகும், சரிசெய்ய இன்னும் ஒரு வாரம் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் வேண்டாம் என்றால் அது அவர்களின் முடிவு, தெரிந்து எடுத்த முடிவு. சில டாஷ்போர்டுகளுக்கு அது போதும்தான். கிளிக் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைந்தால் யாருக்கும் பாதகமில்லை. ஆனால் பணமோ மின்சார மீட்டரோ மருந்து இருப்போ போகும் வழியில் அதே ஸோர்ஸைக் கேள்வி கேட்காமல் திருப்பிப் பயன்படுத்துவார்கள், ஏனென்றால் அது என்ன வாக்குத் தருகிறது என்று எங்கும் எழுதப்படவில்லை.

எனவே என் வேண்டுகோளைத் திட்டவட்டமாக வைக்கிறேன்.

ஸோர்ஸ் எழுதத் தொடங்குமுன் அதே ரெப்போவில் ஒரு பக்கம் எழுதுங்கள். மூலத்திடம் பழைய தரவை மறுபடி கேட்க முடியுமா, எவ்வளவு காலத்துக்கு? தொடரும் இடத்தைக் குறிப்பது எது, அது கமிட் ஒழுங்கில் வளருகிறதா? அக் எப்போது போகிறது? ஜாப் ஒரு நாள் நின்றால் என்ன போகும், ஒரு வாரம் நின்றால் என்ன போகும்? இந்த ஸோர்ஸ் தருவது குறைந்தது ஒருமுறையா, அதிகபட்சம் ஒருமுறையா? எழுத உட்கார்ந்தால் பதில் தெரியாத கேள்வி எது என்பது உங்களுக்கே புலப்படும்; நிரலை அங்கிருந்து தொடங்குங்கள்.

பிறகு, கொல்லும் சோதனையை எழுதுங்கள். ஃபிளிங்கிலேயே கனெக்டர்களுக்கான சோதனைக் கட்டமைப்பு இருக்கிறது. சேவ்பாயின்டிலிருந்து எழுவது, ரீடர் எண்ணிக்கையைக் கூட்டுவது, குறைப்பது, டாஸ்க்மேனேஜர் விழுவது ஆகியவற்றுக்கான சோதனைகள் அதில் தயாராகவே உள்ளன. உங்கள் மூலத்தை அதில் பொருத்தினால் போதும். அதோடு நிற்காமல், எண்ணிட்ட ரெக்கார்டுகளை உள்ளே விட்டு, ஓடும்போதே டாஸ்க்மேனேஜரைக் கொன்று, மறுமுனையில் எந்த எண் விடுபட்டது, எது இரண்டு முறை வந்தது என்று எண்ணிப்பாருங்கள். ஜாப்மேனேஜரையும் தனியே கொல்லுங்கள். இது சிஐயில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடட்டும். இன்னும் எவ்வளவு படிக்க மிச்சம் இருக்கிறது என்று சொல்லும் மெட்ரிக்கையும் நிரப்பிவிடுங்கள். அது ஸோர்ஸ் எழுதுபவருக்கு மட்டுமே தெரிந்த எண். நீங்கள் தராவிட்டால் ஆன்-காலில் இருப்பவருக்கு வேறு வழியில் கிடைக்காது.

கோட் ரிவ்யூ செய்பவர்களே, அந்தப் பக்கமும் அந்தச் சோதனையும் இல்லாத ஸோர்ஸுக்கு அப்ரூவல் தராதீர்கள். ‘ஆட்ஸ்ப்ளிட்ஸ்பேக்’ வெறுமையாக இருக்கிறதா என்று முதலில் அதைத் திறந்து பாருங்கள். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏற்கெனவே ப்ரொடக்‌ஷனில் ஸோர்ஸ்ஃபங்ஷன் வைத்திருப்பவர்கள், 2.0க்கு மாறும் வாரத்தில் அவசரமாகத் திருத்தக் காத்திருக்காமல் இப்போதே பட்டியலிடுங்கள். யார் எழுதினார்கள், அவர் இன்னும் அணியில் இருக்கிறாரா, பூட்டு சரியாகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். எழுதியவர் பக்கத்து இருக்கையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அந்த இருக்கையில் இருப்பவர் நீங்கள் என்றால், திட்டம் மாறுமுன் பின்னால் வருபவரை உட்காரவைத்து, ஒருமுறை அவர் கையாலேயே டாஸ்க்மேனேஜரைக் கொல்லச் சொல்லி, தரவு எங்கிருந்து தொடர்கிறது என்று சேர்ந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஸோர்ஸுக்கு ஆன்-கால் பார்க்கும் ஒருத்தி